அளக்காமல் ஆற்றில் போடுவது எப்படி?

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் கிளவுடைப் பார்த்ததில்லை. இங்கே நாம் அளக்கவே வேண்டாம். கொட்டிக்கொண்டே இருந்தால் போதும். அளக்கிற வேலையை அவர்களே பைட் கணக்கில் பார்த்து, மாதம் பிறந்ததும் டாலரில் பில் அனுப்பிவிடுவார்கள்.

ஓரளவு பெரிய எந்தக் கம்பெனியிலும் வாடிக்கையாளர் இரண்டு வீடுகளில் குடியிருக்கிறார். ஒன்று டேட்டா வேர்ஹவுஸ். பத்து வருஷத்து ஆர்டர், பில், புகார், ரீஃபண்ட் எல்லாம் குவிந்து கிடக்கும் கிடங்கு அது. அனலிடிக்ஸ் ஆட்கள் அங்கே உட்கார்ந்துகொண்டு யார் திரும்ப வாங்குவார், யார் கைகழுவிவிட்டுப் போவார் என்று கணக்குப் போடுவார்கள். இன்னொன்று சிஆர்எம். வாடிக்கையாளரிடம் பேசுகிறவர்கள் நாள் முழுக்க விழித்துக்கொண்டிருக்கும் திரை. 1999-இல் சான்ஃபிரான்சிஸ்கோவில் ஒரு வாடகை வீட்டில் தொடங்கிய சேல்ஸ்ஃபோர்ஸ், 2005-இல் வந்த ஸோஹோ சிஆர்எம், 2010-இல் சென்னையில் பிறந்து 2021-இல் நாஸ்டாக் வரை போன ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்று அதற்குப் பல பெயர்கள். கிடங்கில் போட்ட கணக்கு இந்தத் திரைக்கு வந்து சேர வேண்டும். இதற்கு ரிவர்ஸ் ஈடிஎல் என்று கௌரவமான பெயர் உண்டு. ஆபீஸில் நாங்கள் ‘சிங்க்’ என்போம். “நேத்து ராத்திரி சிங்க் புட்டுக்கிச்சு” என்பது முழு வாக்கியம்.

இதைச் சிக்கனமாகச் செய்வது எப்படி என்று சொல்லித்தர ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பன்னிரண்டு வருஷமாக நான் கண்ணால் பார்த்ததெல்லாம் எதிர்வழிதான். அதில்தான் எனக்கு அனுபவம், ஆகவே அதைத்தான் சொல்லித்தர முடியும்.

முதல் பாடம்: திரையைப் பார்க்கப்போகிறவரிடம் போய் எதையும் கேட்காதீர்கள். கேட்டால் வேலை முடிந்துவிடும்.

நான் முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில் ஆர்ஓ இயந்திரம் விற்று, அதற்கு ஏஎம்சி போட்டு, அவ்வப்போது ஃபில்டர் மாற்றிக் காசு பார்ப்பார்கள். நாற்பது லட்சம் வாடிக்கையாளர். (கோயம்புத்தூரில் மட்டும் வியாபாரம் மந்தம். சிறுவாணித் தண்ணீர் குடிப்பவரிடம் போய் ஆர்ஓ பற்றிப் பேசினால் நம்மை மேலும் கீழும் பார்ப்பார்கள்.) வாடிக்கையாளரின் ‘முந்நூற்று அறுபது டிகிரிப் பார்வை’ சிஆர்எம்மில் வர வேண்டும் என்று மேலிடத்தில் முடிவானது. நாங்கள் சென்னை ஓஎம்ஆரில் ஏசி அறையில் உட்கார்ந்து, ஒரு வாடிக்கையாளருக்கு 312 ஃபீல்டு கொண்டுவந்தோம். கைதட்டல், கேக், குரூப் போட்டோ எல்லாம் நடந்தது.

எட்டு மாதம் கழித்து ஏதோ வேலையாக அம்பத்தூர் கால்சென்டருக்குப் போனேன். அங்கே பதினோரு வருஷமாகப் போன் எடுக்கும் அக்கா ஒருவர் இருந்தார். அவர் மேசையில் கம்ப்யூட்டருக்கு முன்னால், கீபோர்டுக்கு மேலேயே, ஒரு நீள நோட்டு விரித்து வைத்திருந்தார். மளிகைக் கடையில் பற்று எழுதுவார்களே, அந்த நோட்டு. பெயர், ஏரியா, ஃபில்டர் மாற்ற வேண்டிய மாதம், ஓரத்தில் சிவப்பு பேனாவில் ‘கோபக்காரர்’, ‘ஐயா தூங்குவார் 2-4’, ‘பழைய பாக்கி’. நான் நிற்கும்போதே ஒரு அழைப்பு வந்தது. அக்கா வாடிக்கையாளர் எண்ணைத் தட்டினார். திரையில் வட்டம் சுற்றியது. சுற்றியது. 312 ஃபீல்டும் மூட்டை முடிச்சோடு இறங்கி வர வேண்டாமா? அதற்குள் அக்கா நோட்டில் பக்கம் திருப்பி, “சார், உங்களுக்குச் சித்திரையில மாத்தினது, ஐப்பசியில வரும்” என்று சொல்லி, சீட்டையும் போட்டு, போனையும் வைத்துவிட்டார். வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

“இதுல நீங்க எதைப் பார்ப்பீங்க அக்கா?” என்றேன்.

“பார்க்கணும்னுதான் தம்பி நினைக்கிறேன். அது திறக்கிறதுக்குள்ள கஸ்டமர் வச்சுடறாங்க.”

முதல் நாளே அம்பத்தூருக்குப் போய் அந்த நோட்டைப் பார்த்திருந்தால் ஐந்து ஃபீல்டோடு வேலை தீர்ந்திருக்கும். பன்னிரண்டு பேர் கொண்ட குழுவுக்கு அப்புறம் என்ன வேலை? ஆகவே போகாதீர்கள்.

இரண்டாவது, எதையும் தேர்ந்தெடுக்காதீர்கள். எஸ்க்யூஎல்லில் ‘செலக்ட்’ எழுதி ஒரு நட்சத்திரம் போட்டால் டேபிளில் உள்ள எல்லாக் காலமும் வரும். (எங்கள் தொழிலில் செங்குத்து வரிசைக்குக் ‘காலம்’ என்றுதான் சொல்வோம். தமிழில் எழுதும்போதுதான் பொருத்தம் புரிகிறது.) இந்த நட்சத்திரத்தின் மகிமை அபாரம். பிக்குவெரி மாதிரி கிடங்குகள் தகவலை வரிசையாக வைக்காமல் காலம் காலமாகப் பிரித்து அடுக்குகின்றன. நீங்கள் எத்தனை காலத்தைத் தொட்டீர்களோ அத்தனைக்கு மட்டும் காசு. அமெரிக்கப் பகுதியில் ஒரு டெராபைட் படிக்க 6.25 டாலர். நட்சத்திரம் போட்டால் எல்லாவற்றையும் தொட்டதாகக் கணக்கு. பத்து வரி போதும் என்று கடைசியில் ‘லிமிட் 10’ எழுதிச் சமாளிக்கலாம் என்று சிலர் நினைப்பார்கள். சாதாரண டேபிள்களில் அது செல்லாது. முழு டேபிளையும் படித்து, முழுக் காசையும் வாங்கிக்கொண்டு, பத்து வரியைக் கையில் கொடுப்பார்கள். தியேட்டரில் பாட்டு மட்டும் பார்த்துவிட்டு எழுந்து வந்தாலும் டிக்கெட் டிக்கெட்தான்.

படித்ததை வெளியே எடுத்துப்போவது தனிக் கதை. கிளவுடுக்குள் தகவலைக் கொண்டுவர அநேகமாகக் காசே கிடையாது. வெளியே எடுத்துப்போகத்தான் காசு. அபிமன்யுவுக்கு நடந்ததும் இதுதான். உள்ளே போகிற வழியை எல்லோரும் சொல்லித் தருவார்கள். அமேசானின் மும்பை மையத்திலிருந்து இணையத்துக்குத் தகவல் வெளியேற, மாதத்தின் முதல் 100 ஜிபி போக, ஒரு ஜிபிக்குச் சுமார் 11 சென்ட். சின்னத் தொகை. சின்னத் தொகையை 312-ஆலும் 40 லட்சத்தாலும் 365-ஆலும் பெருக்கினால் என்ன ஆகும் என்பதை நிதித்துறை உங்களிடம் கேட்கும். பதில் சொல்ல ஒரு மீட்டிங் போடலாம்.

இதையெல்லாம் முன்பே யோசித்தவர் ஒருவர் உண்டு. ஜிம் கிரே, டேட்டாபேஸ் உலகின் பெரிய மனிதர், 1998-இல் டூரிங் விருது வாங்கியவர். தகவலை ஊர் ஊராக நகர்த்துவதற்குப் பதில், கணக்கைத் தகவல் இருக்கும் இடத்துக்கு அனுப்பு, விடையை மட்டும் எடுத்து வா என்று 2003-இல் விலைவாசி போட்டுக் காட்டி எழுதினார். அவரே பெரிய தகவலை அனுப்ப வேண்டிவந்தால் டிஸ்குகளோடு கம்ப்யூட்டரையே பார்சல் கட்டி அனுப்பிவிடுவார். நெட்வொர்க்கைவிட அது மலிவு. அமேசான் இந்த யோசனையை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோய், 2016-இல் லாஸ் வேகாஸ் மேடையில் நிஜமாகவே ஒரு லாரியை ஓட்டிவந்து நிறுத்தியது. ஸ்னோமொபைல் என்று பெயர், 45 அடி கண்டெய்னர், 100 பெட்டாபைட் கொள்ளும். சென்னையில் தண்ணீர் லாரிக்குக் குடம் வைத்து வரிசையில் நின்ற தலைமுறைக்கு இது புதுசாகவே தெரிந்திருக்காது. 2024-இல் அந்த லாரியை நிறுத்திவிட்டார்கள்.

சரி, தகவல் சிஆர்எம் வாசலுக்கு வந்துவிட்டது. இப்போது அதை எப்படி உள்ளே திணிப்பது?

மொத்தத்தைப் போடாதீர்கள், உதிரியாகப் போடுங்கள். “மொத்தம் 15 ஆர்டர், கடைசியாக வாங்கியது மார்ச் 9” என்று ஏற்கெனவே இருக்கும் வாடிக்கையாளர் ரெக்கார்டில் இரண்டு ஃபீல்டைச் சேர்ப்பது கஞ்சத்தனம். பதினைந்து ஆர்டரையும் பதினைந்து தனி ரெக்கார்டாக ஏற்றுங்கள். சேல்ஸ்ஃபோர்ஸில் ஒரு வேடிக்கையான விதி உண்டு. பெரும்பாலான ரெக்கார்டுகளுக்கு, உள்ளே ஒரு எழுத்து இருந்தாலும் ஒரு கதை இருந்தாலும், 2 கேபி என்றே கணக்கு. உப்புக்கல்லுக்கும் பூசணிக்காய்க்கும் ஒரே பை. எங்கள் நாற்பது லட்சம் பேரும் சும்மா வந்து உட்கார்ந்தாலே 7.5 ஜிபிக்கு மேல். அடிப்படையாகக் கிடைப்பதோ 10 ஜிபியும், ஆளுக்குக் கொஞ்சமும். ஆளுக்குப் பதினைந்து ஆர்டர் ஏற்றினால் ஆறு கோடி ரெக்கார்டு, சுமார் 115 ஜிபி. கூடுதல் இடம் வாங்க அவர்களுடைய விற்பனைப் பிரதிநிதி பூங்கொத்தோடு வருவார்.

அடுத்தது, தினமும் எல்லாவற்றையும் புதிதாக ஏற்றுவது. ‘ஃபுல் ரிஃப்ரெஷ்’ என்பார்கள். எங்கள் நாற்பது லட்சம் பேரில் ஒரு நாளைக்கு உண்மையிலேயே ஏதாவது மாறுவது ஆறாயிரம் பேருக்குத்தான். புகார் கொடுத்தவர், காசு கட்டியவர், வீடு மாறியவர். அந்த ஆறாயிரத்தை மட்டும் பொறுக்கி அனுப்ப வழிகள் உண்டு. கடைசியாக மாறிய நேரத்தைப் பார்த்துப் பிரிக்கலாம், நேற்று அனுப்பியதையும் இன்று அனுப்பப்போவதையும் ஒப்பிடலாம், டேட்டாபேஸின் சொந்த லாகிலிருந்தே மாற்றங்களைப் பிடிக்கலாம். ஆனால் பொறுக்குவதற்கு யோசிக்க வேண்டும். நாற்பது லட்சத்தையும் அனுப்ப யோசனையே வேண்டாம், அந்த நிம்மதி தனி.

அனுப்பும்போது ஒவ்வொருவராக அனுப்புங்கள். சேல்ஸ்ஃபோர்ஸின் எண்டர்பிரைஸ் திட்டத்தில் 24 மணி நேரத்துக்கு ஒரு லட்சம் ஏபிஐ அழைப்பும் (வெளி மென்பொருள் ஒருமுறை கதவைத் தட்டினால் ஒரு அழைப்பு), ஒவ்வொரு லைசென்ஸுக்கும் கூடவே ஆயிரமும் கிடைக்கும். இருநூறு பேர் வேலை செய்யும் இடத்தில் மூன்று லட்சம். நாற்பது லட்சம் பேரை ஆளுக்கொரு அழைப்பாக அனுப்பினால், பன்னிரண்டில் ஒரு பங்கு தாண்டுவதற்குள் கோட்டா தீர்ந்து, பேமெண்ட், டெலிவரி என்று சிஆர்எம்மோடு பேசும் மற்ற எல்லாமும் வாயை மூடிக்கொள்ளும். ஒரே அழைப்பில் 200 ரெக்கார்டு கட்டி அனுப்பலாம், பல்க் ஏபிஐயில் ஒரு கட்டுக்குப் பத்தாயிரம் வைத்து நானூறு கட்டில் முடிக்கலாம் என்றெல்லாம் ஆவணத்தில் எழுதியிருக்கிறது. ஆவணத்தை எழுதியவர்களுக்கும் ஏதோ வேலை வேண்டுமல்லவா.

ஃபுல் ரிஃப்ரெஷ்ஷின் உண்மையான பலன் பில்லில் தெரியாது. அது வாசலில் தெரியும். சிஆர்எம்முக்குள் ஒரு ஃபீல்டு மாறினால் தானாக ஏதாவது நடக்கும்படி யாரோ எப்போதோ செய்து வைத்திருப்பார்கள். எங்கள் இடத்திலும் செய்து வைத்திருந்தார்கள். முகவரி மாறினால் வாடிக்கையாளருக்கு வாட்ஸ்அப் போகும். ஒரு நாள் புதிதாகச் சேர்ந்த பையன், ‘600 053’ என்று இடைவெளிவிட்டு எழுதியிருந்த பின்கோடுகளையெல்லாம் ‘600053’ என்று ஒட்டி எழுதிச் சுத்தம் செய்தான். நல்ல பையன், நல்ல எண்ணம். அன்று இரவு வழக்கம்போல் ஃபுல் ரிஃப்ரெஷ். விடியற்காலை 2:40-க்கு மூன்று லட்சம் வீடுகளுக்குச் செய்தி போனது: “உங்கள் புதிய இல்லத்துக்கு வாழ்த்துகள்! இயந்திரத்தை இடம் மாற்றித்தர எங்களை அழையுங்கள்.” அழைத்தார்கள். மறுநாள் காலை அக்கா எடுத்த முதல் போனில் ஒரு பெரியவர், “நாற்பது வருஷமா இதே வீட்லதாம்மா இருக்கேன், என்னை எங்க அனுப்பப் பாக்கறீங்க?” என்று கேட்டாராம்.

இதைவிட நுட்பமான வழி ஒன்று இருக்கிறது. இதற்குக் கொஞ்சம் படிப்பு வேண்டும், ஆகவே டேட்டா சயின்ஸ் ஆட்களிடம் விடுங்கள். அவர்கள் ஒவ்வொரு வாடிக்கையாளரும் விட்டுப்போகும் வாய்ப்பு எவ்வளவு என்று ஒரு எண் தருவார்கள். 0.7362818 மாதிரி. மறுநாள் அதே ஆளுக்கு 0.7362794. அவர் வாழ்க்கையில் எதுவும் நடக்கவில்லை. எழுந்தார், தண்ணீர் குடித்தார், படுத்தார். ஆனால் எண் மாறிவிட்டது. மாறியவர்களை மட்டும் அனுப்பு என்று நீங்கள் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக சிங்க் எழுதியிருந்தாலும், ஏழாவது தசமம் தினமும் நாற்பது லட்சம் பேருக்கும் மாறும். சிக்கன சிங்க் உள்ளுக்குள்ளேயே ஃபுல் ரிஃப்ரெஷ்ஷாக மாறிவிடும், யாருக்கும் தெரியாமல். போனை எடுக்கிறவருக்கு 0.7362818 என்றால் என்ன? சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்று நிறத்தில் சொல்லியிருந்தால், நிறம் தாண்டியவர்கள் மட்டும், நாளைக்குச் சில நூறு பேர், போய்ச் சேர்ந்திருப்பார்கள். ஆனால் மூன்று நிறத்தைக் காட்டி டேட்டா சயின்ஸ் குழுவுக்குச் சம்பள உயர்வு கேட்க முடியாது.

இதன் ஒன்றுவிட்ட தம்பி, ‘கடைசி ஆர்டர் ஆகி எத்தனை நாள்’ என்ற ஃபீல்டு. நேற்று 41, இன்று 42, நாளை 43. ஒருவரும் ஒன்றும் வாங்காத தீபாவளி மறுநாளில்கூட இது நாற்பது லட்சம் வரிக்கும் மாறும். அசையாமல் படுத்திருக்கிற மனிதரைப் பற்றித் தினமும் ஒரு தந்தி. யாராவது குறுக்கே வந்து, “வயசை ஏன் தினம் தினம் அனுப்பறே? பிறந்த தேதியை ஒரு தடவை அனுப்பு, வயசை அவன் எண்ணிக்குவான்” என்று சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். கடைசி ஆர்டர் தேதியை ஒருமுறை அனுப்பிவிட்டு, சிஆர்எம்மில் இன்றைய தேதியிலிருந்து அதைக் கழிக்கும் ஃபார்முலா ஃபீல்டு ஒன்றை வைத்தால் போதும்தான். திறக்கும்போது அதுவே கணக்குப் போட்டுக் காட்டும், எங்கும் எதையும் அனுப்ப வேண்டாம். இந்த ஒரு மாற்றத்தை எங்கள் இடத்தில் செய்ய எனக்குப் பிடித்தது இருபது நிமிடம். அதற்கு அனுமதி வாங்கப் பிடித்தது நாலு மாதம்.

கிடங்கில் உள்ளவரும் சிஆர்எம்மில் உள்ளவரும் ஒரே ஆள்தானா என்று தெரிந்தால்தானே அனுப்ப முடியும்? இதற்கு வாடிக்கையாளர் எண் என்று ஒன்று இருக்கிறது. அதை விட்டுவிட்டுப் பெயரை வைத்துப் பொருத்துங்கள். தமிழ்நாட்டில் இது கண்கொள்ளாக் காட்சி. எஸ். கணேசன், கணேசன் எஸ்., கணேஷன், சு. கணேசன் நால்வரும் ஒருவரே. அல்லது நால்வர். சேல்ஸ்ஃபோர்ஸில் ஒரு தொடர்பைச் சேர்க்கக் குடும்பப் பெயர் கட்டாயம். அது இல்லாமல் ரெக்கார்டு சேமியாது. குடும்பப் பெயரே இல்லாத ஊரில் இதற்கு என்ன செய்வார்கள்? சிலர் இனிஷியலைப் போடுவார்கள், சிலர் அப்பா பெயரை, அவசரத்தில் இருப்பவர் ஒரு புள்ளியை. எங்கள் கணக்கில் ‘புள்ளி’ குடும்பத்தார் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள், தமிழகத்தின் மிகப் பெரிய வம்சம் அதுவாகத்தான் இருக்கும். குடும்பப் பெயரை வைத்துப் பொருத்தியபோது அவர்கள் அனைவரும் ஒன்றுகூடி, திருவொற்றியூர்க்காரர் பாக்கி தென்காசிக்காரர் தலையில் விழுந்தது.

எண்ணை வைத்துத்தான் பொருத்துவேன் என்று அடம்பிடிப்பவர்களுக்கு எக்செல் இருக்கிறது. சேல்ஸ்ஃபோர்ஸ் ஒவ்வொரு ரெக்கார்டுக்கும் 15 எழுத்தில் ஒரு அடையாளம் தரும். அதில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு. எக்செல்லில் தேடிப் பொருத்தும் வீலுக்கப்புக்கு இரண்டும் ஒன்று. ஆகவே அடுத்த வீட்டுக்காரர் தகவல் உங்கள் வீட்டுக்குப் பாந்தமாக வந்து உட்காரும், பிழை என்று ஒரு வார்த்தை வராது. இதற்காகவே 18 எழுத்து வடிவம் ஒன்றையும் வைத்திருக்கிறார்கள், பயன்படுத்திவிடாதீர்கள். 91-இல் தொடங்கும் பன்னிரண்டு இலக்கப் போன் நம்பரை எக்செல் 9.19E+11 என்பதுபோல் சுருக்கிக் காட்டும், அதற்கு யாராலும் டயல் செய்ய முடியாது. பழைய எக்செல் கோப்பில் 65,536 வரிக்கு மேல் இடமே கிடையாது. 2020-இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத்துறை அந்தப் பழைய வடிவத்தை நம்பி, கிட்டத்தட்ட பதினாறாயிரம் கொரோனா நோயாளிகளை ஒரு வாரம் போலக் கணக்கில் தவறவிட்டது. நாமெல்லாம் தண்ணீர் விற்பவர்கள்தானே.

இத்தனையும் கேட்ட உங்கள் மேலாளர் ஏதாவது மாநாட்டுக்குப் போய்விட்டு ‘ஜீரோ காப்பி’ என்ற சொல்லோடு திரும்புவார். பயப்படாதீர்கள், இதையும் கெடுக்கலாம். விஷயம் நல்ல விஷயம்தான். தகவலை நகலெடுத்து அனுப்பாமல், இருக்கிற இடத்திலேயே வைத்து, சாவியை மட்டும் கொடுப்பது. ஸ்னோஃப்ளேக் என்ற கிடங்கு நிறுவனம் 2017 வாக்கில் இதைப் பெரிதாகக் கொண்டுவந்தது. 2021-இல் இன்னொரு நிறுவனமான டேட்டாபிரிக்ஸ் டெல்டா ஷேரிங் என்று திறந்த முறையில் ஒன்றை வெளியிட்டது. சேல்ஸ்ஃபோர்ஸும் இப்போது இதைத்தான் பாடுகிறது. அக்கம்பக்கத்து வீடு என்றால் கதவைத் திறந்தால் போதும். இங்கேதான் உங்கள் சாமர்த்தியம். கிடங்கை மும்பையில் வைத்து, பார்க்கிறவரின் கணக்கை ஃபிராங்ஃபர்ட்டில் திறந்தால், ஸ்னோஃப்ளேக்கில் நேரடியாகப் பகிர முடியாது. ஒரு பிரதியைக் கடல் தாண்டி அனுப்பித்தான் ஆக வேண்டும். ஜீரோ காப்பி என்ற பெயரில் ஒரு காப்பி, பயணப்படியோடு.

ஒரே ஊரில் இருந்துவிட்டாலும் வழி இருக்கிறது. அக்கா ஒவ்வொரு முறை திரை திறக்கும்போதும் கிடங்கை நேரடியாகக் கேட்கும்படி இணைப்பைக் கொடுங்கள். தூங்கிக்கொண்டிருக்கும் ஸ்னோஃப்ளேக் எழுந்தால், அரை வினாடி வேலை பார்த்தாலும் 60 வினாடிக்குக் காசு. ஆட்டோவுக்கு மினிமம் சார்ஜ் மாதிரி. தெருமுனைக்கு ஒரு ஆட்டோ, திரும்ப ஒரு ஆட்டோ, நாளைக்கு ஐந்நூறு ஆட்டோ. தகவல் நகரவில்லை என்பது உண்மை. பர்ஸ் நகர்ந்தது.

கடைசிப் பாடத்தைச் சொல்லும்போது என்னால் கிண்டல் செய்ய முடியவில்லை, முடிந்தவரை முயல்கிறேன். அழித்ததை அழித்ததாகச் சொல்லாதீர்கள். மாறிய நேரத்தை மட்டும் பார்த்து அனுப்பும் சிங்க்கில் ஒரு ஓட்டை உண்டு. மாறிய வரிக்கு நேரம் இருக்கும், அழிந்த வரிக்கு வரியே இருக்காது. இல்லாததை அது எப்படிப் பார்க்கும்? கிடங்கில் நீக்கப்பட்டவர் சிஆர்எம்மில் சிரஞ்சீவி. திருச்சியில் ஓர் அம்மா, கணவர் காலமான செய்தியைச் சொல்லி, கணக்கை மூடச் சொல்லி, சான்றிதழ் நகலும் அனுப்பியிருந்தார். மூடினோம், கிடங்கில். அடுத்த ஆவணியில் அவருடைய போனுக்கு, கணவர் பெயரைச் சொல்லிப் பிறந்தநாள் வாழ்த்து போனது. ஏஎம்சியில் பத்து சதவீதத் தள்ளுபடியோடு. அந்த அம்மா சத்தம் போடவில்லை என்று அக்கா சொன்னார். “நீங்களாவது ஞாபகம் வச்சிருக்கீங்களே” என்று மட்டும் சொன்னாராம். அக்கா அன்று மதியம் சாப்பிடவில்லை. அந்த ஆளுடைய பெயருக்கு எதிரே நோட்டில் ஆறு மாதத்துக்கு முன்பே கோடு அடிக்கப்பட்டிருந்தது.

சட்டமும் இருக்கிறது. 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். சொன்ன நோக்கத்துக்குத் தேவையான தகவலுக்கு மட்டுமே சம்மதம் செல்லும் என்கிறது. அதிலேயே ஒரு உதாரணம் கொடுத்திருக்கிறார்கள். போனிலேயே வைத்தியம் பார்க்கும் ஒரு ஆப், போனில் உள்ள தொடர்புப் பட்டியலையும் பார்க்கச் சம்மதம் கேட்கிறது. பயனர் சரி என்கிறார். சரி என்றாலும் அது செல்லாது, வைத்தியத்துக்கு அந்தப் பட்டியல் தேவையில்லை. தகவலைச் சரியாகப் பாதுகாக்கத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை. எங்கள் 312 ஃபீல்டில் வாடிக்கையாளரின் சாதி மட்டும்தான் இல்லை. பிறந்த தேதி, பேங்க் பெயர், வீட்டில் எத்தனை பேர், போன வாரம் எந்தப் பக்கத்தை எத்தனை வினாடி பார்த்தார் எல்லாம் இருந்தது. ஃபில்டர் மாற்ற இதில் எது வேண்டும் என்று தணிக்கைக்கு வந்தவர் கேட்டபோது அறையில் ஏசி சத்தம் மட்டும் கேட்டது.

அதற்குப் பிறகுதான் நான் அம்பத்தூருக்கு மறுபடி போனேன், இந்த முறை நோட்டைப் படிக்க. இரண்டு மதியம் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டேன். அடுத்த ஃபில்டர் தேதி, கடைசியாக வந்த ஆர்டர் தேதி, பாக்கி உண்டா இல்லையா, நிறம், எப்போது கூப்பிடக் கூடாது. ஐந்து ஃபீல்டு, கூடவே கணக்கு மூடியவர்களின் பட்டியல் தனியாக. 307 ஃபீல்டு போனதை யாரும் கவனிக்கவில்லை. ஒரே ஒருவர் மின்னஞ்சல் அனுப்பினார். அவரும் ஏற்கெனவே வேலையை விட்டுப் போனவர், தானாகப் போகும்படி அமைத்துவைத்த மின்னஞ்சல் அது.

இப்போது இரவில் போவது ஆறாயிரம் வரிக்குக் கொஞ்சம் கூடக் குறைய. திரை இரண்டு வினாடியில் திறக்கிறது. அந்த நீள நோட்டு இன்னும் கீபோர்டுக்கு மேலேதான் இருக்கிறது. அக்கா அதில் இப்போது சீட்டுக் கணக்கு எழுதுகிறார்.